ஏன் மறுத்தீர்கள் என்று எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்றுக்கு மேற்பட்ட கடனட்டை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வரவுக்கு மீறிச் செலவழிக்கிறவர்கள், அவர்களைக் கண்டு வங்கிகள் பயப்படுவது நியாயம்தான் என்று கடந்த வாரம் வாசகர் ஒருவர் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. என்னிடம் நான்கு கார்ட் இருக்கிறது. பதினொரு வருடத்தில் ஒரேயொரு தரம்தான் வட்டி கட்டியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தப் புடைவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன், வீடு வெள்ளவத்தையில். நான்கு கார்ட்டும் நானாகத் தேடிப் போனவை அல்ல. முதலாவது சம்பளம் போகிற வங்கி தந்தது. இரண்டாவது, பம்பலப்பிட்டியில் கடைத்தொகுதி வாசலில் மேசை போட்டிருந்த பிள்ளைகள் "முதல் வருடக் கட்டணம் இல்லை அக்கா, அடையாள அட்டைப் பிரதியும் சம்பளச் சிட்டையும் போதும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியது. மூன்றாவது சுப்பர்மார்க்கெட்டில் கிழமை நாளில் தருகிற விலைக்கழிவுக்காக. நாலாவது தனியார் ஆஸ்பத்திரிக்கென்றே ஒதுக்கி வைத்தது, ஏனென்றால் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் ஆளை அனுமதிக்கும்போது முற்பணம் கேட்பார்கள், இரவு பதினொரு மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கிறபோது அந்தக் காசுக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

நாலையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கார்ட்டின் கணக்குக் கூற்று எந்தத் திகதியில் வருகிறது, கட்ட வேண்டிய கடைசி நாள் எது, தவணைக்கு எடுத்த பொருளில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம், எல்லாம் அதில் இருக்கும். கூற்று வந்த மறுநாள் ஒரு பொருள் வாங்கினால் அடுத்த கூற்று வர ஒரு மாதம், பிறகு கட்டுவதற்கு இருபது நாள் அளவில், ஆக ஐம்பது நாள் வரைக்கும் வட்டியில்லாத காசு நம் கையில் இருக்கிறது. முழுத்தொகையையும் கட்டினால்தான் இது. ஒரு ரூபா மிச்சம் வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், புதிதாக வாங்குகிறதற்கும் ஓடும். கார்ட்டைப் போட்டுக் காசு எடுத்தால் கட்டணமும் வட்டியும் அன்றைக்கே தொடங்கும், அதனால் அந்தப் பக்கமே நான் போவதில்லை.

வட்டி கட்டிய கதை இதுதான். 2017இல் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த மாதம் கூற்றில் "ஆகக் குறைந்த கொடுப்பனவு" என்று போட்டிருந்ததை மட்டும் கட்டினேன், கட்டிவிட்டால் பிரச்சினை இல்லை என்றுதான் எண்ணினேன், அதுவும் கணக்கு எழுதுகிற நான். ஒரு இலட்சம் ரூபா நிலுவை, வருட வட்டி 28 சதவீதம் என்று வையுங்கள். மாதத்துக்கு 2,333 ரூபா வட்டி. ஆகக் குறைந்த கொடுப்பனவு 5 சதவீதம் என்றால் 5,000 ரூபா. கட்டிய ஐயாயிரத்தில் பாதிக்குக் கிட்ட வட்டிக்கே போய்விடுகிறது, கடன் தொகையில் குறைவது 2,667 ரூபாதான். ஐந்து மாதத்தில் இதைக் கண்டுபிடித்து, சீட்டுக் காசை எடுத்து முழுவதையும் அடைத்தேன். அன்றிலிருந்துதான் கொப்பி.

சரி, இப்போது நடந்ததுக்கு வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். நான்கு கார்ட்டிலும் சிறுசிறு லிமிட் இருப்பதை விட ஒன்றில் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து, இரண்டைத் திருப்பித் தந்துவிடுகிறேன், இந்த ஒன்றின் லிமிட்டைக் கூட்டித் தாருங்கள் என்று ஒரு வங்கியிடம் பெப்ரவரியில் எழுத்தில் கேட்டேன். மொத்தக் கடன் எல்லை கூடப் போவதில்லை, குறையத்தான் போகிறது. இரண்டு கிழமை கழித்து ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் விண்ணப்பம் எங்கள் உள்ளக அளவுகோலுக்குப் பொருந்தவில்லை, நன்றி. அவ்வளவுதான். கிளைக்குப் போய்க் கேட்டால் "கிரிப்பில் ஏதோ இருக்கிறது போல மிஸ், எங்களுக்கே காரணம் சொல்ல மாட்டார்கள்" என்றார் அங்கிருந்த பிள்ளை. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் தெரியாது.

கிரிப் என்று எல்லாரும் சொல்வது கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அது கறுப்புப் பட்டியல் அல்ல, உங்களுக்குக் கடன் கொடு, கொடாதே என்று அது யாருக்கும் சொல்வதில்லை. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் அனுப்புகிற விபரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது, முடிவு எடுப்பது வங்கிதான். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம், அதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. நான் எடுத்தேன்.

எடுத்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. 2020இல் திருப்பிக் கொடுத்து, கத்தரியால் வெட்டி, கிளை மேசையிலேயே போட்டுவிட்டு வந்த ஒரு கார்ட், இரண்டரை இலட்சம் லிமிட்டோடு இன்னும் உயிரோடு இருந்தது. இன்னொன்று, தம்பியின் முச்சக்கர வண்டி லீசிங்குக்கு நான் பிணை நின்றது. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற காலத்தில் அவனால் இரண்டு தவணை நேரத்துக்குக் கட்ட முடியவில்லை. பிறகு கட்டி முடித்துவிட்டான். பிணையாளி என்ற வகையில் அதுவும் என் அறிக்கையில் இருக்கிறது. பிணை நிற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், கையெழுத்து வைத்துவிட்டு மறந்துவிடுகிற விஷயம் இல்லை இது.

இந்த இரண்டில் எதைப் பார்த்து வங்கி பயந்தது? அல்லது நான்கு கார்ட் என்ற எண்ணிக்கையையா? பாவிக்காத லிமிட்டையும் நாளைக்கே எடுத்துச் செலவழித்துவிடக்கூடிய கடன் என்று வங்கிகள் கணக்கில் எடுக்கும். அந்த யோசனை எனக்கு விளங்குகிறது. அடுத்தடுத்துப் பல இடத்தில் விண்ணப்பித்தால் ஒவ்வொரு வங்கியும் அறிக்கையை எடுத்துப் பார்த்த விபரமும் பதிவாகிறது, பார்க்கிற அடுத்தவருக்கு இவருக்குக் காசு முடை போல என்று தோன்றும், அதுவும் விளங்குகிறது. விளங்காதது ஒன்றுதான். எது என்று சொல்வதில் என்ன கஷ்டம்?

நாங்களும் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறவர்கள்தான். கிளிநொச்சி, மட்டக்களப்பு, பதுளை என்று எல்லா ஊர்க் கடைக்கும் எங்கள் பேரேட்டில் பக்கம் இருக்கிறது. ஒருவருக்கு இனிக் கடன் இல்லை என்றால் எங்கள் முதலாளி, மார்கழிச் சரக்குக்கு நீ தந்த செக் திரும்பிவிட்டது தம்பி, அதைத் தீர்த்துவிட்டு வா, தைப்பொங்கலுக்குச் சரக்கு ஏற்றி விடுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்வார். வந்தவருக்குக் கோபம் வரும். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவார். அதிகமானோர் தீர்த்துவிட்டுத் திரும்பியும் வருவார்கள். எழுபது வருடப் பழைய கடையில் ஒரு பேரேட்டை வைத்துக்கொண்டு செய்ய முடிவதை, இத்தனை கம்பியூட்டர் இருக்கிற இடத்தில் செய்ய முடியாதா?

வங்கிகள் ஏன் எச்சரிக்கையாகின என்பதும் எனக்குத் தெரியும். 2020இல் கடனட்டை வட்டி 18 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய வங்கி கட்டுப்படுத்தியிருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திய அதே மாதம் மத்திய வங்கி தன் வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது, கடனட்டைக் கட்டுப்பாடும் போனது, பிறகு 36 சதவீதம் வரை ஏறியதை நாம் எல்லாரும் பார்த்தோம். கட்ட முடியாமல் போனவர்கள் ஏராளம், வங்கிக்கும் நட்டம்தான். 2023 ஆகஸ்டில்தான் கடனட்டைக்கு 28, நகை அடகுக்கு 18 என்று மறுபடி உச்ச வரம்பு வந்தது. அந்த 2022இல் என்னுடைய ஒரு கார்ட்டின் லிமிட்டை அரைவாசியாகக் குறைத்தார்கள். எனக்கு ஒரு வரி அறிவிக்கவில்லை. அம்மாவின் மருந்துக்குப் பாமசியில் கார்ட்டைக் கொடுத்து, அது செல்லாது என்று வந்து, பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, பாதி மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோதுதான் தெரிந்தது. குறைக்க வேண்டுமென்றால் குறையுங்கள், அதற்கு முந்தின நாளாவது சொல்லுங்கள்.

என்னைவிட மோசமாகப் பாதிக்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் மாடித் தொகுதியில் ஒரு அன்ரி இருபது வருடம் கணவருடைய கணக்கில் எடுத்த துணை அட்டை பாவித்தவர். கணவர் காலமானதும் அட்டை நின்றுவிட்டது. தன் பெயரில் கேட்டபோது, உங்களுக்குக் கடன் வரலாறே இல்லை, நிலையான வைப்பு ஒன்றை ஈடாக வைத்தால் பார்க்கலாம் என்றார்கள். அவ்வளவு காலமும் மாதம் தவறாமல் போய்க் கட்டியது அவர்தான், ஆனால் அது எல்லாம் கணவருடைய பெயரில். வீட்டில் தையல், சாப்பாட்டுப் பார்சல் என்று உழைக்கிற பெண்களுக்கும் சம்பளச் சிட்டை இல்லாததால் இதே பதில்தான். பெண்கள் துணை அட்டையோடு நிற்காமல், சிறிய லிமிட்டாக இருந்தாலும் தங்கள் பெயரில் ஒன்று எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று இதை வாசிக்கிற எல்லாருக்கும் சொல்வேன்.

அப்புறம், கார்ட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் வெட்டிப் போட்டுவிட்டு வராதீர்கள். நிலுவை பூச்சியம், கணக்கு மூடப்பட்டது என்று கடிதம் வாங்குங்கள், இரண்டு மூன்று மாதம் கழித்து அறிக்கையை எடுத்து அது மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் அந்தக் கடிதத்தை வாங்காததால் மூன்று தரம் அரை நாள் லீவு போட்டு அலைந்து, கடைசியில்தான் திருத்தினார்கள். வட்டியில்லாத் தவணையில் பிரிட்ஜ் எடுக்கிறவர்களும், முழு விலையும் உங்கள் லிமிட்டிலிருந்து பிடிபட்டு நிற்கும், மாதம் மாதம்தான் விடுபடும் என்பதைப் பார்த்து எடுங்கள். கார்ட் என்றால் மூன்று சதவீதம் கூட என்று சொல்கிற கடையில் வாதாடுங்கள், அப்படி மேலதிகமாக வாங்கக் கூடாது என்று மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது. வங்கி முறைப்பாட்டுக்குப் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

வங்கிகளிடம் நான் கேட்பது கடன் அல்ல. இல்லை என்று சொல்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. எந்த விபரத்தைப் பார்த்து இல்லை என்றீர்கள், எதைத் திருத்தினால் மறுபடி வரலாம் என்று நாலு வரி எழுதித் தாருங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கிளை திறந்து தமிழில் விளம்பரப் பலகை மாட்டுகிறவர்கள், மறுக்கும்போதும் தமிழில் மறுக்கலாம்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் நாள் குறித்தாயிற்று. முற்பணத்துக்கு என் காப்பு இரண்டையும் செட்டியார் தெருவில் அடகு வைக்கத் தீர்மானித்திருக்கிறேன். திருத்திய அறிக்கையோடு அதே வங்கிக்கு மறுபடியும் விண்ணப்பித்தும் இருக்கிறேன். பதில் எழுத்தில் வேண்டும், தமிழில் வேண்டும் என்று விண்ணப்பத்தின் முதல் வரியாகவே எழுதினேன். வாங்கிய பிள்ளை வாசித்துப் பார்த்து, திகதி முத்திரை குத்தி, ஒரு பிரதியும் தந்தார். கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.