பழைய தொலைபேசியைக் கணினியில் செருகுவதற்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அண்மையில் டர்பனின் மேர்பேங்க் பகுதியிலிருந்து ஓர் ஆயா தம் பேரனுடன் நம் கடைக்கு வந்தார். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தது கறுப்பு நிறச் சுழல் டயல் தொலைபேசி. வீட்டுக்கு ஃபைபர் என்னும் கண்ணாடி இழை இணையம் வந்துவிட்டது, செம்புக் கம்பி போய்விட்டது. பெர்த்தில் இருக்கும் மகனோடு இந்த ரிசீவரைப் பிடித்துப் பேசித்தான் அவருக்குப் பழக்கம். கைபேசி விரலுக்குள் நிற்பதில்லை. பேரன் தன் மடிக்கணினியில் தொலைபேசிக் கம்பியைச் செருகிப் பார்த்திருக்கிறான். ரிசீவரில் சத்தமே இல்லை. தொலைபேசி செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அது சாகவில்லை. இதே தவறு பல வீடுகளில் நடப்பதால்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

தொலைபேசியின் சிறு செருகி, கணினியின் வலைக் கம்பித் துளைக்குள் நுழைந்துவிடும். நுழைவதால் இரண்டும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய தொலைபேசிக்குச் சொந்தமாக மின்சாரம் கிடையாது. தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி வழியே வரும் சுமார் 48 வோல்ட்தான் அதன் உணவு. ரிசீவரை எடுத்ததும் கம்பியில் இருபது, முப்பது மில்லியாம்பியர் ஓடும். வாய்ப்பகுதியில் இருக்கும் ஒலிவாங்கி அதில்தான் உயிர் பெறுகிறது. மணி அடிக்க இன்னும் கூடுதலாக, 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் வேண்டும். கணினியின் யுஎஸ்பி துளை தருவது 5 வோல்ட். பழைய டயலப் மோடத்தில் தொலைபேசி படம் போட்ட துளை ஒன்று இருக்குமே, அதுவும் உதவாது. சுவரிலிருந்து வரும் இணைப்பை அப்படியே கடத்திவிடுவதுதான் அதன் வேலை. தானாக எதையும் ஊட்டாது.

ஆகவே நடுவில் ஒரு சிறு பெட்டி வேண்டும். அதைத் தொலைபேசி அடாப்டர் என்கிறோம். ஒரு பக்கம் வீட்டுக்குள் இணையத்தைப் பகிரும் ரவுட்டர், மறுபக்கம் உங்கள் தொலைபேசி. மின்னூட்டம், டயல் ஒலி, மணி எல்லாவற்றையும் இந்தப் பெட்டியே தந்து, உங்கள் குரலைத் துண்டு துண்டாக இணையத்தில் அனுப்புகிறது. முதல்முறை உங்கள் இணையத் தொலைபேசிச் சேவையின் கணக்கு விவரங்களைப் பெட்டியில் பதிவு செய்யத்தான் கணினி தேவை. அதன்பின் அதை அணைத்து மூடி வைத்துவிடலாம்.

வாங்கும்போது துளையின் பெயரைப் பாருங்கள். தொலைபேசியைச் செருக வேண்டியது எஃப்எக்ஸ்எஸ் (FXS). எஃப்எக்ஸ்ஓ (FXO) என்பது வெளியிலிருந்து வரும் கம்பிக்கானது. இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டுத் திரும்ப வருபவர்கள் உண்டு.

சுழல் டயலுக்கு இன்னொரு தடை இருக்கிறது. விரலை விட்டு இழுத்து விட்டதும் டயல் கரகரவென்று திரும்பி வருகிறதே, அப்போது அது கம்பியைத் துண்டித்துத் துண்டித்து இணைக்கிறது, நொடிக்குப் பத்து முறை. 3 என்றால் மூன்று துடிப்பு, 0 என்றால் பத்து. பொத்தான் தொலைபேசியோ இரண்டு சுருதிகளைச் சேர்த்து ஒலிக்கும். 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். எல்லா அடாப்டருக்கும் துடிப்பை எண்ணத் தெரியாது. தெரியாத பெட்டியாக இருந்தால், துடிப்பைச் சுருதியாக மாற்றும் இன்னொரு சிறு கருவியை இடையில் போட வேண்டும். ஆயாவுக்கும் அப்படித்தான் செய்தோம். அதற்குமுன் ரிசீவரின் வாய்ப்பகுதியை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினோம். உள்ளே இருக்கும் கரித்தூள் நாள்பட்டால் இறுகிக்கொள்ளும், குரல் மங்கும். தட்டினால் உதிர்ந்து தெளியும். பிறகு எங்கள் கைபேசியிலிருந்து அழைத்தோம். அந்த இரும்பு மணி கடை முழுக்க அடித்தபோது ஆயா இரண்டு கைகளாலும் ரிசீவரை எடுத்தார். ஒரு பழைய பொருளை மீட்டுக் கொடுப்பதில் எங்களுக்கு இருக்கும் நிறைவு விற்பனையில் இல்லை.

தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்: அடாப்டரைச் சுவரில் இருக்கும் பழைய தொலைபேசித் துளையில் செருகாதீர்கள். எல்லா அறைகளிலும் மணி அடிக்கட்டும் என்று சிலர் இப்படிச் செய்கிறார்கள். வெளிக்கம்பியில் இன்னும் மின்னூட்டம் இருந்தால் இரண்டும் மோதி அடாப்டர் கருகும். வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே வெளிக்கம்பியைப் பிரித்த பிறகுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும். ஒரே பெட்டியில் நாலைந்து பழைய மணித் தொலைபேசிகளை மாட்டினாலும் மணி முனகத் தொடங்கும்.

இணையத்தில் பேச உதவிய ஸ்கைப் செயலிக்கென்று முன்பு வாங்கிய யுஎஸ்பி பெட்டிகளையும் கொண்டுவருகிறீர்கள். ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டுவிட்டது. அதற்கென்றே செய்யப்பட்ட பெட்டிகளுக்குச் செலவழிக்க வேண்டாம்.

இணையத்தின் வேகம் பற்றிக் கவலைப்படாதீர்கள். நல்ல தரத்தில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 90 கிலோபிட் போதும். வங்கியை அழைத்து ‘1 அழுத்தவும், 2 அழுத்தவும்’ என்னும்போது எதுவும் நடக்கவில்லையென்றால், பெரும்பாலும் சுருதியை அனுப்பும் முறை தவறாக அமைந்திருக்கும். பெட்டியை எடுத்து வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

இது சட்டப்படி சரியா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சரிதான். இணைய வழியில் குரலைக் கொண்டுசெல்ல, தொலைபேசி நிறுவனம் அல்லாத சேவையாளர்களுக்கும் நம் தென்னாப்பிரிக்காவில் 2005 பிப்ரவரி 1 முதல் வழி திறந்துவிட்டது. 031 என்று தொடங்கும் உங்கள் டர்பன் எண்ணையும் புதிய சேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றம் முடியும் முன் பழைய இணைப்பை ரத்து செய்துவிடாதீர்கள், எண் கைவிட்டுப் போகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். செம்புக் கம்பிக் காலத்தில் வீட்டில் மின்சாரம் போனாலும் தொலைபேசி பேசியது, ஏனென்றால் தொலைபேசி நிலையத்தில் பேட்டரி இருந்தது. இப்போது மின்வெட்டு வந்தால் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் மூன்றும் ஒன்றாக அணைந்துவிடும். மூன்றையும் தாங்கும் சிறு யுபிஎஸ், அதாவது மின்வெட்டில் மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டி, வைத்துக்கொள்ளுங்கள். முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் சார்ஜ் ஏற்றிய கைபேசி ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். காவல்துறைக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. இந்த எண்களைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் தொலைபேசியை அதன் கம்பியோடு கடைக்குக் கொண்டுவாருங்கள். ரவுட்டரின் பின்பக்கத்தைப் படம் பிடித்து வந்தால் இன்னும் நல்லது. சோதித்துப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காகக் கடைக்கு விடுமுறை.

அன்புடன்,
உங்கள் தொலைபேசிப் பழுதுபார்ப்புக் கடை
சாட்ஸ்வொர்த், டர்பன்