பள்ளம் விழுந்த டேங்க்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேடுபள்ளமான மண் தடத்தில் பந்தயம் விடும் பழைய மோட்டோகிராஸ் பைக்குகள் பற்றிய கட்டுரையில் ஜப்பான் வண்டிகளோடு நிறுத்திவிட்டீர்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். வண்டியை விட்டது நியாயமா? பெல்ஜியத்தின் ஜோயல் ராபர் 1964, 1968, 1969 ஆண்டுகளில் 250 சிசி உலகப் பட்டம் வென்றது அதில்தான். அப்புறம்தான் சுசுகிக்குப் போனார். 500 சிசி பிரிவிலும் சி.இசட். ஓட்டித்தான் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃபிரெட்ரிக்ஸ் 1966 முதல் 1968 வரை தொடர்ந்து மூன்று பட்டம்.

நான் முப்பது வருடம் ஸ்பானர் பிடித்தது அதன் பங்காளியான ஜாவாவிலும் யெஸ்டியிலும். மைசூரில் செய்த வண்டிகள். உதைக்கிற லீவரையே மடக்கினால் கியர் லீவர். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென விழிப்பார்கள். வற்றிய கண்மாயில் பையன்கள் பந்தயம் விடுவார்கள். மட்கார்டைக் கழற்றுவது, பெட்ரோலில் ஆயில் கலப்பது எல்லாம் என் வேலை. அந்தப் புகை வாசம் போகாது என்று என் சட்டையை வீட்டில் தனியாகத்தான் துவைப்பார்கள்.

போன மாதம் ஒருவர் அந்தக் காலத்து யெஸ்டி ஒன்றைக் கொண்டுவந்து, டேங்கில் இருந்த பள்ளத்தை எடுத்துப் பளபளவென்று பெயின்ட் அடிக்கச் சொன்னார். அது கண்மாய்க் கரையில் விழுந்த பள்ளம், எனக்குத் தெரியும். இன்ஜினை மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொண்டுதான் போனார்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்,
மதுரை.