வேலூர் பறவை மீட்புத் தொண்டர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா என்று தூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாவட்டத்தை 2019-இல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நம் சங்கம் மட்டும் இன்னும் பழைய வட ஆற்காட்டுக் கணக்கிலேயே ஓடுகிறது. அடிபட்ட புறாவுக்கு எல்லைக்கல் தெரியாது என்பதால், அதை மாற்றும் எண்ணமும் செயற்குழுவுக்கு இல்லை.

எந்தப் பறவை எத்தனை வந்தது, எத்தனை பறந்து போனது, எத்தனை கைவிட்டுப் போனது என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. மேசை மேல் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். கூட்டங்கள் விதிப்படி நடந்தன. பதிவேட்டில் ஏறாத சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் நூல். இந்த ஆண்டும் நம்மிடம் வந்ததில் புறாதான் அதிகம், அதிலும் காலில் நூல் சுற்றிய புறாதான் அதிகம். பட்டம் விடும் நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுக்கத் தடை செய்தது. தடையும் இருக்கிறது, மாஞ்சாவும் இருக்கிறது. இறக்கையை அறுப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் காலைக் கெடுப்பது வேறு. பூக்கடை வாசலில் தினமும் கூட்டித் தள்ளும் துண்டு நூலைப் பாருங்கள். வாழை நாரில் பூக் கட்டினால் அறுந்த நார் நாலு மழையில் மட்கிவிடும். நைலான் இழை மட்காது. சலூனிலிருந்து பறந்து வரும் முடியும் அதோடு சேர்ந்துகொள்ளும். தரையில் நடந்து பொறுக்கும் பறவை என்பதால் புறாவின் விரலில்தான் இதெல்லாம் சுற்றுகிறது. நடக்க நடக்க இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்து, கடைசியில் உதிர்ந்தே போகிறது.

இதைப் பிரிப்பதில் நம்மிடம் கைதேர்ந்தவர், தையல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புறாவைப் பழைய துண்டில் சுற்றித் தலையை மூடிவிடுவார். இருட்டானால் அது அடங்கிவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலைக் கொஞ்ச நேரம் ஊற வைப்பார். அப்புறம் பூதக்கண்ணாடி, தையல் பிரிக்கும் சின்னக் கருவி. வெட்டிய நூலை வெடுக்கென்று இழுக்கவே மாட்டார். சதைக்குள் புதைந்த இழையை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தித்தான் எடுப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும், தனியாகப் பயிற்சி வகுப்பு வேண்டாம் என்பது என் கருத்து.

ஊரையே அசிங்கம் பண்ணுகிற புறாவுக்கு எதற்கு இத்தனை செலவு என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். புறா பெருகக் கூடாது என்றால் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவதை நிறுத்த வேண்டும். அதை நாமும்தான் சொல்லி வருகிறோம். காலை அழுக விடுவது அதற்கு வழியல்ல. காட்பாடிப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் வலை கட்டியபோது, உள்ளே கூட்டில் இருந்த குஞ்சுகளை யாரும் பார்க்கவில்லை. பேசிப் பார்த்ததில் ஒரு மூலையைத் திறந்துவிடச் சம்மதித்தார்கள். குஞ்சுகள் பறந்த பிறகு மூடிக்கொண்டார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்து, நம்மிடம் வந்திருக்கவே வேண்டாத பறவைகள். ஏப்ரல், மே மாதங்களில் மைனா, கொண்டைக்குருவி, காக்கைக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வந்தபடி இருந்தார்கள். இறகு முளைத்துத் தத்தித் தாவுகிற குஞ்சு கூட்டிலிருந்து விழுந்ததல்ல, தானாகவே இறங்கியது. தாய் பக்கத்து மரத்திலிருந்து தீனி கொண்டுவந்து கொடுக்கும். பூனை வரும் இடமென்றால் தூக்கிப் புதரில் விட்டால் போதும். இறகில்லாத குஞ்சானால் கூட்டில் திரும்ப வைக்கலாம். கூடு பிய்ந்திருந்தால் ஓட்டை உள்ள சின்னக் கூடையை அதே மரத்தில் கட்டி அதில் விடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் பாட்டிமார் சொன்னது குஞ்சைத் தொடாமல் இருக்கத்தானே தவிர, உண்மை இல்லை. காக்கை துரத்துகிற புள்ளி போட்ட குஞ்சு என்று வருவது பல சமயம் குயில் குஞ்சு. அதற்கும் இதே பதில்தான்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயங்கி விழுந்த பறவையின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பாலும் பிரெட்டும் வேண்டவே வேண்டாம், பறவைக்குப் பால் செரிக்காது. சில்லிட்டுக் கிடக்கும் குஞ்சுக்கு முதலில் சூடு, பிறகு தண்ணீர், அப்புறம்தான் தீனி. புறாக் குஞ்சு மற்ற குஞ்சு போல வாயைப் பிளந்து காட்டாது. தாய், தகப்பன் இரண்டின் வாய்க்குள்ளும் அலகை விட்டு, தீனிப்பையில் சுரக்கும் தொண்டைப் பாலைக் குடித்துப் பழகியது. அதனால் ஊறவைத்த பட்டாணியைத் தோல் நீக்கி, அலகைத் திறந்து ஒவ்வொன்றாகத்தான் ஊட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.

எலி பிடிக்கிற பசை அட்டையில் இந்த முறை தேன்சிட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. பிய்த்து எடுக்காதீர்கள், இறகோடு தோலும் வரும். பறவை ஒட்டாத மீதிப் பசைப் பகுதியை முதலில் காகிதத்தால் மூடி, சமையல் எண்ணெயை விரலால் தடவித் தடவிப் பசையை இளக்க வேண்டும். கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகக் கழுவிக் காய வைக்கலாம். பூனை பிடித்த பறவை வெளியே காயமே இல்லாமல் தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பூனை வாயின் கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

மழைக்காலத்தில் புறாக்களுக்கு அம்மை வந்தது. கொசுவால் பரவுவது, பெரும்பாலும் தானே ஆறும். கண் மூடிப்போய்ச் சாப்பிட முடியாமல் சாவதைத் தடுப்பதுதான் நம் வேலை. கழுத்தைத் திருகிக்கொண்டு வரும் பறவையைத் தனி அறையில் வையுங்கள். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் கூண்டைக் கூட்ட யாரையும் அனுமதிக்கவில்லை, இனியும் மாட்டோம்.

வளர்த்துச் சலித்த பச்சைக்கிளியை இறக்கை வெட்டி நம் வாசலில் விட்டுப்போனவர்களுக்கு: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி அதைக் கூண்டில் வைத்ததே குற்றம். வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைத்தோம். நம் மாடி ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளும் இடமல்ல.

இரவில் போன் எடுத்த உறுப்பினர்களுக்கும், ஆடு மாட்டு நோயாளிகளுக்கு நடுவே நம் சிட்டுக்குருவியையும் பார்த்த மருத்துவர்களுக்கும் நன்றி. வரும் ஆண்டுக்குக் கம்பு, சோளம், பட்டாணி, பழைய துண்டு, செருப்புப் பெட்டி தேவை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூண்டு கழுவ ஆள் போதவில்லை. பெயர்ப் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.