அதிபருக்கு உண்டு, பிரதமருக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டுத் தலைவர்கள்மீது தொடுக்கப்படும் வழக்குகள் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் சிங்கப்பூரிலும் தலைவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லிவிட்டார். அதிபரையும் பிரதமரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்ட அந்த ஒரு வரிக்காகத்தான் இக்கடிதம்.

பாதுகாப்பு அதிபருக்கு மட்டுமே. அரசமைப்புச் சட்டத்தின் 22கே பிரிவில் அது இருக்கிறது. அதிபர் என்ற முறையில் அவர் செய்ததற்காகவோ செய்யாமல் விட்டதற்காகவோ வழக்குப் போட முடியாது. சொந்த விவகாரம் என்றால் கதை வேறு. பதவியில் இருக்கும் வரைதான் வழக்குத் தொடர முடியாது. இறங்கிய மறுநாளே தொடரலாம். இன்னொன்றும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. வழக்குப் போடுவதற்கான காலவரம்பைக் கணக்கிடும்போது அவர் பதவியில் இருந்த காலத்தைச் சேர்க்கக் கூடாது. கடன் பாக்கியோ கார் விபத்தோ, காத்திருந்த பாவத்துக்காக எதிர்த்தரப்பு தன் உரிமையை இழக்காது. யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அதற்காக ஆறு ஆண்டுப் பதவிக்காலம் முழுவதும் அதிபர் அசைக்க முடியாதவர் என்று அர்த்தமில்லை. ஊழல் போன்ற பெரிய குற்றச்சாட்டு என்றால் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு, குறைந்தது ஐந்து நீதிபதிகள் கொண்ட நடுவர் மன்றத்தை விசாரிக்க வைத்து, முக்கால்வாசி உறுப்பினர்களின் வாக்கோடு அவரைப் பதவியிலிருந்து நீக்கலாம்.

அதிபர்மீதான வழக்கை இப்படித் தள்ளிவைப்பது சரியா? சரி என்றுதான் நினைக்கிறேன். அமெரிக்காவில் அதிபர் கிளிண்டன்மீது, அவர் அதிபராவதற்கு முன்பு நடந்த ஒரு சம்பவத்துக்காக ஒரு பெண் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். அதிபரின் நேரத்தை இது அதிகம் எடுத்துக்கொள்ளாது என்று நம்பி, வழக்கு நடக்கட்டும் என 1997ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அடுத்த ஜனவரியில் அதே வழக்கில் கிளிண்டன் கொடுத்த வாக்குமூலத்தால் அந்த ஆண்டு முழுவதும் வாஷிங்டனில் வேறு பேச்சே இல்லை. டிசம்பரில் பதவிநீக்கத் தீர்மானம் வரைக்கும் போனது. அப்புறம் 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் மறுகோடிக்குப் போய்விட்டது. அரசமைப்புச் சட்டம் அதிபருக்கே தந்த அதிகாரங்களைப் பயன்படுத்திச் செய்த காரியங்களுக்குப் பதவியிலிருந்து இறங்கிய பிறகும் குற்ற வழக்கே கிடையாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு. நம்முடைய ஏற்பாடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பிரதமருக்கும் அமைச்சர்களுக்கும் அதுகூட இல்லை. தேவையும் இல்லை. பிரதமர் விலகினால் அதே கட்சியிலிருந்து இன்னொருவர் வந்துவிடுவார், அரசாங்கம் ஸ்தம்பித்துவிடாது. போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன் வழக்கில் பார்த்தோமே. தமிழ் நிகழ்ச்சிகளில் பார்த்துப் பழகிய முகம். நம்மில் பலருக்கு மனசு கனத்தது உண்மை. ஃபார்முலா ஒன் டிக்கெட், விஸ்கி போத்தல்கள், ஒரு பிராம்ப்டன் சைக்கிள் என்று குற்றச்சாட்டுப் பட்டியல் நீண்டது. 2024 அக்டோபரில் பன்னிரண்டு மாதச் சிறை. அரசுத் தரப்பு கேட்டதே ஆறிலிருந்து ஏழு மாதம்தான்.

ஆனால் அந்த வழக்கு எப்படித் தொடங்கியது என்பதை யாரும் பேசுவதில்லை. 2023 ஜூலை 5ஆம் தேதி லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் இயக்குநர் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கிடம் விவரம் சொல்லி, முறையான விசாரணைக்கு இணக்கம் கேட்டார். மறுநாள் பிரதமர் இணங்கினார். 11ஆம் தேதி கைது. பிரதமர் முடியாது என்றிருந்தால்? அல்லது விசாரிக்கப்பட வேண்டியவரே பிரதமர் என்றால்?

மலேசியாவில் இதை நேரில் பார்த்தோம். அங்கும் பிரதமருக்கு அரசமைப்புச் சட்டத்தில் பாதுகாப்பு எதுவும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பண மோசடி விவகாரம் சூடுபிடித்த 2015 ஜூலையில், நஜிப் ரசாக் பிரதமராக இருக்கும்போதே, குற்றம் சாட்டுவதா என்று முடிவெடுக்கும் தலைமைச் சட்ட அதிகாரி மாற்றப்பட்டார். புதிதாக வந்தவர் 2016 ஜனவரியில் பிரதமர்மீது தவறில்லை என்று கோப்பை மூடினார். 2018 தேர்தலில் தோற்ற பிறகுதான் நஜிப்மீது குற்றம் சாட்ட முடிந்தது. சட்டம் தராத பாதுகாப்பை நாற்காலி தந்தது. கட்டுரையாளர் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்: வழக்குப் போடலாமா என்பதை விட, விசாரணையைத் தொடங்கவிடுவது யார்?

இதற்கு நம்மிடம் ஒரு பதில் உண்டு. பிரதமர் மறுத்தாலும், அதிபர் தம் விருப்புரிமைப்படி இணங்கினால் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கலாம் என்கிறது 22ஜி பிரிவு. அதிபரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதற்குப் பலர் சொல்லும் காரணம் நாட்டின் சேமிப்பு இருப்பைக் காப்பது. எனக்கு இதுவும் அதே அளவு பெரிய காரணமாகப் படுகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. 22ஜி விசாரணையோடு நின்றுவிடுகிறது. குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் தலைமைச் சட்ட அதிகாரி. அவரை இடையில் நீக்குவது சுலபமில்லை. தலைமை நீதிபதியும் வேறு இரு நீதிபதிகளும் அடங்கிய நடுவர் மன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்பட்டவராக இருந்தால், பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி நியமிப்பதற்குப் பிரதமரின் ஆலோசனை வேண்டும். விசாரணை பிரதமரைப் பற்றியதாகவே இருந்தால் அந்த ஆலோசனையை யார் சொல்வது? கட்டுரையாளர் அடுத்த கட்டுரையில் இதை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்