நடந்ததைச் சொல்ல உள்ளூர் வானொலிக்கும் அனுமதி வேண்டும்

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பொறுப்பில் இருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

ஒரு சிறு வட்டாரத்து மக்களுக்காகக் கல்வி நிறுவனமோ தொண்டு நிறுவனமோ நடத்தும் சமுதாய வானொலி ஒன்றில் பல ஆண்டுகளாகத் தன்னார்வ அறிவிப்பாளராகப் பணியாற்றி வருகிறேன். தனியார் பண்பலை நிலையங்களும் சமுதாய வானொலிகளும் தங்கள் ஊர்ச் செய்தியைத் தாமே திரட்டி ஒலிபரப்பக் கூடாது என்று இன்றளவும் நீடிக்கும் தடையை விலக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு கோடையில், நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஓர் அம்மா பாட்டு ஏதும் கேட்கவில்லை. "எங்க தெருவுக்கு ஒன்பது நாளா தண்ணி வரலைம்மா, மோட்டார் ரிப்பேருன்னு சொல்றாங்க, யாரும் வந்து பாக்கலை" என்று நாற்பது வினாடி பேசினார். குரலில் கோபம் இல்லை, களைப்பு மட்டுமே இருந்தது. மாலையில் நிகழ்ச்சியைத் தொகுத்தபோது அந்த நாற்பது வினாடியை நானே வெட்டி எடுத்தேன். அது நடப்பு விவகாரம் என்று யாரேனும் சொல்லிவிட்டால் நிலையத்தின் உரிமத்துக்கே ஆபத்து வரலாம் என்று எங்கள் குழு அஞ்சியது. ஒரு வாரம் கழித்துச் சந்தையில் என்னைப் பார்த்த அந்த அம்மா, "நான் பேசினது வரவே இல்லையேம்மா" என்றார். அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை.

இங்கே விதியின் தன்மையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வானிலை, தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, திருவிழா, போக்குவரத்து முதலியவற்றைச் செய்தி அல்லாதவை என்று வகைப்படுத்தி அவற்றுக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள். குடிநீர், மின்சாரம், இயற்கைச் சீற்றம், நலவாழ்வு எச்சரிக்கை ஆகியவற்றை உள்ளூர் நிர்வாகம் வழங்கும் அறிவிப்புகளாக வாசிக்கலாம் என்றும் இருக்கிறது. ஆக, நாளை தண்ணீர் வராது என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தால் அதை நான் வாசிக்கலாம். ஒன்பது நாளாக ஏன் வரவில்லை என்று அந்த நிர்வாகத்திடமே கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை நேயர்களுக்குச் சொல்வதற்கு இந்த விதியில் இடம் இல்லை. அகில இந்திய வானொலியான ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யலாம் என்பது உண்மைதான், அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் நாடு முழுமைக்கும், மாநிலம் முழுமைக்கும் தொகுக்கப்படும் அறிக்கையில் ஒரு தெருவின் குழாய்க்கு எப்படி இடம் கிடைக்கும்?

தமிழ்நாட்டில் வானொலி தொடங்கியதே உள்ளூர் முயற்சியாகத்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் உருவான சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927-இல் அது நின்றபோது, அதன் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சி எடுத்துக்கொண்டு 1930 முதல் தானே ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும்தான் வந்தன. அந்தத் திருச்சி நிலையம் 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பற்றி வயலோடு வயலாக நின்று பேசியதால், தஞ்சைப் பகுதி உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். விதை எங்கே கிடைக்கும், உரம் எப்போது இட வேண்டும் என்பதைத் தன் வட்டாரத்துக் குரலில் கேட்டதால்தான் உழவர் நம்பினார் என்பது என் உறுதியான எண்ணம். பின்னர் 1984-இல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தை நாகர்கோவிலில் அமைத்தது அரசுதான். சிறிய வட்டாரத்துக்கென்று தனி நிலையம் தேவை என்பதை அன்றே அரசு ஏற்றுக்கொண்டிருந்தது.

காற்றலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு தனியார் பண்பலைகள் வந்தன. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி வந்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. செய்தி மட்டும் வெளியிலேயே நின்றது. இதே ஊரில் நாளிதழ் அச்சிடலாம், தொலைக்காட்சி நேரலை செய்யலாம், கைபேசி வைத்திருக்கும் எவரும் தெருவில் நின்று படமெடுத்து இணையத்தில் ஏற்றலாம். உரிமம் பெற்று, விதிகளுக்குக் கட்டுப்பட்டு, முகவரியோடு இயங்கும் வானொலிக்கு மட்டும் ஏன் தடை என்ற கேள்விக்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

வதந்தி பரவும், பகை மூளும், எல்லைப்புறங்களில் தவறாகப் பயன்படும் என்ற கவலையை நான் புறந்தள்ளவில்லை. ஆனால் எங்கள் ஒலிபரப்பியின் திறன் 100 வாட்தான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் எங்கள் குரல் போவதே அரிது. அந்த வட்டத்துக்குள் பொய் சொன்னால் மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும் இடத்திலேயே என்னை நிறுத்திக் கேட்பார்கள். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவுகளை மூன்று மாதம் பாதுகாத்து வைக்கும் கடமை இப்போதே இருக்கிறது, கேட்கும்போது ஒப்படைக்கிறோம். தவறு செய்த நிலையத்தைக் கண்டுபிடிக்கவும் தண்டிக்கவும் வழி இருக்கும்போது, எல்லா நிலையங்களின் வாயையும் முன்கூட்டியே அடைப்பது நியாயமாகப் படவில்லை. சொல்லப்போனால், புயல் இரவில் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் விழுந்த பிறகு பேட்டரியில் பாடும் சிறு பெட்டிதான் மிஞ்சுகிறது. எந்தப் பாலம் அறுந்தது என்று நேரில் பார்த்தவர் அதில் சொல்ல முடியாவிட்டால், அந்த இடத்தை வதந்திதான் நிரப்பும்.

தனியார் பண்பலைகள் ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் ஒலிபரப்பலாம் என்று 2023 செப்டம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தது. அதை ஏற்றுச் செயல்படுத்துங்கள். சமுதாய வானொலிகளுக்கும் அதே பத்து நிமிடத்தை வழங்குங்கள். அதற்கென நடத்தை விதிகளை வகுத்தாலும், செய்தி தொகுப்போருக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கினாலும் மனமுவந்து ஏற்போம். அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், முதல் படியாக, குடிநீர், மின்சாரம், இயற்கைச் சீற்றம் தொடர்பான பிரிவில் 'உள்ளூர் நிர்வாகம் வழங்கும்' என்ற நிபந்தனையை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். அன்று அந்த அம்மா பேசிய நாற்பது வினாடியை ஒலிபரப்பவும், அடுத்த நாளே பொறியாளரை அழைத்து அவர் பதிலையும் சேர்த்து ஒலிபரப்பவும் அந்த ஒரு திருத்தமே எங்களுக்குப் போதும்.

இப்படிக்கு,
ஒரு சமுதாய வானொலி அறிவிப்பாளர்