கோபுரத்துக்குப் பின்சந்தில் கைகொடுத்தவர்களுக்கு

மலேசியா, பேராக் மாநிலம், தெலுக் இந்தான் மக்களுக்கும், ஜெண்டராட்டா, நோவா ஸ்கோஷியா, சப்ராங் என்று சுற்றுத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்து போகும் நம் சனங்களுக்கும் வணக்கம்.

கோபுரத்துப் பின்சந்தில் எங்கள் குழு முடித்த சீரமைப்பு வேலையின் திறப்பு நாளில் மேடையேற்ற வேண்டியவர்களை ஏற்றியாயிற்று. மாலை, பொன்னாடை, படம் எல்லாம் ஆயிற்று. இந்த மடல் அன்றைக்கு மேடைக்குக் கீழே நின்றவர்களுக்கு. எழுதுகிற நான் அந்தச் சந்தில் தையல் கடை வைத்திருப்பவள். தீபாவளி ரவிக்கை பொங்கலுக்குக் கைக்கு வந்ததே என்று முனகியவர்களுக்கு இதிலேயே காரணமும் கிடைக்கும்.

வெளியூர்க்காரர்கள் நம் ஊருக்கு வருவது சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க. 1885இல் லியோங் சூன் சியோங் கட்டியது, உயரம் 25.5 மீட்டர். வெளியே இருந்து எண்ணினால் எட்டு மாடி, உள்ளே ஏறினால் மூன்றுதான். அழகுக்காகக் கட்டியதல்ல அது. வறட்சிக்கும் தீ விபத்துக்கும் தண்ணீர் சேமிக்க மேலே தொட்டி வைத்தார்கள். அடியில் சதுப்பு மண், தலையில் தண்ணீர்ப் பாரம், கோபுரம் சாய்ந்துவிட்டது. அதே மண்ணில்தான் நம் கடைவரிசையும் நிற்கிறது என்பதை மட்டும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கோபுரத்தைப் படம் எடுத்து, சீ சோங் ஃபன் பலகாரப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பின்னால் இருக்கும் சந்துக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பார்க்கும்படியாக நாமும் வைத்திருக்கவில்லை.

ஒரு காலத்தில் இது சம்பள நாள் சந்து. தாப்பா ரோடு ஸ்டேஷனிலிருந்து ரயில் வந்த ஊர் இது, 1893இல் போட்ட பாதை. தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் இங்கே தோளோடு தோள் இடிக்கும் என்று என் மாமியார் சொல்வார். பிறகு ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், ஆள் குறைந்தது, தோட்டத்து வரிசைவீடான லயத்துச் சனம் தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்புகளுக்குக் குடிபோனது. ரயிலும் நின்றது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டை 1997இல் எடுத்தார்கள். பழைய கடைக்காரர் பலர் காலி செய்தார்கள். காலியான மாடிகளில், சூப்புக்கு விற்கும் கூட்டுக்காகக் குருவிகளைக் குடிவைத்தார்கள். ஸ்பீக்கரில் பகல் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று கேட்கிறதே, அது உண்மைக் குருவி இல்லை, குருவியை ஏமாற்றும் ரெக்கார்டு.

முதல் நன்றி, மருத்துவமனைக்கும் பேங்குக்கும் பஸ் ஏறி வரும் தோட்டத்து அம்மாமார்களுக்கு. எங்கள் குழு முதலில் போட்ட திட்டத்தில் பூந்தொட்டி இருந்தது, வளைவு இருந்தது, கலர் கலராக விளக்கு இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த பாட்டி ஒருவரிடம் படத்தைக் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பூவெல்லாம் எங்க லயத்துலயே இருந்துச்சும்மா. முதுகு சாய ஒரு பெஞ்சி போடுங்க. பக்கத்துலயே கக்கூசு வேணும், அதுக்குப் பூட்டு போடாதீங்க.” பக்கத்தில் இருந்தவர், “பெஞ்சிய பஸ்ஸு வர்ற பக்கம் பாத்துப் போடு ஆயி. கோபுரத்தப் பாத்துக்கிட்டிருந்தா பஸ்ஸு போயிரும்” என்றார். திட்டத்தை அங்கேயே மடித்து வைத்தோம். இப்போது இருக்கும் பெஞ்சுகள் சாய்மானத்தோடும் எழுந்திருக்கக் கைப்பிடியோடும் இருப்பதும், கோபுரத்துக்கு முதுகு காட்டி நிற்பதும் அவர்கள் சொன்னதால்தான். படம் எடுக்க வருகிறவர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

அடுத்தது, பொதுப்பணி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அங்கிள். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் சந்தில் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் நிற்கும், தெரியும்தானே. பேராக் ஆற்றில் கடல் ஏற்றம் வரும்போது ஆற்றுத் தண்ணீர் சாக்கடை வழியே ஊருக்குள் ஏறும், அதற்குமேல் மழையும் பிடித்தால் கணுக்கால் வரை. எல்லாரும் கடலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அங்கிள் குறை சொல்லவில்லை, அளந்தார்.

அவர் கொண்டு வந்தது மீன்தொட்டிக்கு வாங்குவோமே, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டியூப், நல்ல நீளம். அதில் தண்ணீர் நிரப்பி, விரலால் சுண்டிச் சுண்டிக் காற்றுக் குமிழியை எல்லாம் வெளியேற்றினார். ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லுமாம். ஒரு முனையை என் கடைத் தூணில் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுமுனையோடு மருந்துக்கடைத் தூணுக்குப் போனார். தண்ணீர் ஏறி இறங்கி, ஆடி, அடங்கியது. இரண்டு தூணிலும் பென்சில் கோடு. இப்படியே தூண் தூணாக ஆற்றுப்பக்கம் வரை. பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் சாக்கடையின் அடிவரை டேப் பிடித்து அளந்து, பிஸ்கட் பெட்டி அட்டையில் எழுதினார். ஆற்றை நோக்கிப் போகப் போக எண் கூட வேண்டும். பூக்கடை வரை கூடியது. அதைத் தாண்டிக் குறைந்தது. யாரோ எப்போதோ உடைந்த அடித்தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே சிமெண்டைக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். தண்ணீர் பாதி வழி போய்விட்டு நம்மிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். சாக்கடை ஆற்றில் விழும் வாயில் ஓர் இரும்பு மூடி தொங்குகிறது. உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், ஆறு ஏறினால் தானாகச் சாத்திக்கொள்ளும். அந்த மூடியின் இடுக்கில் ஒரு கட்டையும் அதன் மேல் பிளாஸ்டிக் பைகளும் சிக்கி, மூட விடாமல் பிடித்திருந்தன. நாம் போட்ட பைகள்தான். கட்டையை இழுத்துப் போட்டபோது மூடி ‘டங்’கென்று சாத்திய சத்தத்துக்கு அங்கிள் சிரித்த சிரிப்பை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை என்று அவர் மனைவியே சொன்னார்.

மேடான சிமெண்டை உடைத்து, வாட்டம் சரிசெய்து, புதிதாகப் பூசியவர்கள் நகராண்மைக் கழகத்தின் குத்தகை ஆட்கள், பெரும்பாலும் வங்காளதேசத்துத் தம்பிகள். சித்ரா பௌர்ணமிக்குள் முடிய வேண்டும், தண்டாயுதபாணி கோயிலுக்கு வரும் கூட்டம் பள்ளத்தில் விழக் கூடாது என்று நாங்கள் போட்ட கூச்சலை அவர்கள்தான் தாங்கினார்கள். வெயிலில் முட்டிவரைச் சேற்றில் நின்றார்கள். இடியாப்பக்கார அக்கா தினமும் அவர்களுக்கு என்று தனியாக ஒரு சட்டி குழம்பு வைத்தார், காசு கொடுத்தால் திட்டினார். இந்தத் தம்பிகளில் ஒருவர்கூடத் திறப்பு நாள் படத்தில் இல்லை. வேறு ஊர் வேலைக்கு லாரி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இதை யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கோப்பிக்கடை முதலாளி தவுக்கேக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? அஞ்சடி நடைபாதை நம் ஊரில் பெயருக்குத்தான் நடைபாதை. ஒரு கடை ஓடு பதித்து உயர்த்தும், அடுத்த கடை படி வைக்கும், அதற்கடுத்தது கேஸ் சிலிண்டர் தோம்பை நிறுத்தும். கடைக்கு முன்னால் ஆள் நடக்கக் கூரை போட்ட பாதை விட வேண்டும் என்பது 1822இல் ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட திட்டத்திலிருந்து வருவது. மறிக்கக் கூடாது என்று நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் சொல்கிறது. சட்டத்தைக் காட்டிக் கேட்டிருந்தால் யாரும் நகர்ந்திருக்க மாட்டார்கள். தவுக்கே தானே முன்வந்து தன் படியை உடைத்துச் சரிவாக்கினார், மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கினார். “எங்க அம்மாவுக்கும் சக்கர நாற்காலிதான்லா” என்றார், அவ்வளவுதான். அவர் செய்த பிறகு மற்றக் கடைகள் ஒவ்வொன்றாகச் செய்தன. ஒரு கடை இன்னும் செய்யவில்லை. எது என்று எல்லாருக்கும் தெரியும்.

சுவருக்குப் பூச்சு பூசிய கொத்தனார் அண்ணனுக்கும் பெரிய கும்பிடு. நல்ல மனசுக்காரர் ஒருவர் தோம்பு தோம்பாக பிளாஸ்டிக் சாயம் தந்தார். அண்ணன் தொடவே இல்லை. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மேலே பிளாஸ்டிக் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சோடு உரிந்து விழும் என்று விளக்கினார். சாயம் தந்தவர் கோபித்துக்கொள்ளாமல் திரும்ப வாங்கிக்கொண்டு, சுண்ணாம்புக்குப் பணம் கொடுத்தார். இரண்டு பேருக்கும் நன்றி, எனக்குச் சாயம் தந்தவர்மேல்தான் மதிப்பு கூடியது. தூங்குமூஞ்சி மரத்தின் அடியை இறுக்கியிருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்து வேருக்கு மண் காட்டியதும் இதே கொத்தனார் அண்ணன்தான். நிழலுக்கு நாம் செலவழித்தது அவ்வளவே.

இடைநிலைப் பள்ளிப் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும்: உங்களோடு நான் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். 2012இல் பினாங்கு ஜார்ஜ்டவுன் சுவர்களில் லித்துவேனிய ஓவியர் ஒருவர் வரைந்ததிலிருந்து நாட்டில் சைக்கிள் பிள்ளைப் படம் இல்லாத பட்டணம் இல்லை. நமக்கும் ஒன்று வேண்டும் என்றீர்கள், நான் முடியாது என்றேன். கடைசியில் அந்தச் சுவரில் நீங்கள் எழுதியது ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, லங்காப், பீடோர் என்று பஸ் போகும் ஊர்கள், தமிழ், மலாய், சீனம் மூன்றிலும், கண் மங்கியவர்களும் படிக்கும் அளவில். நேரத்தை மட்டும் சாக்பீஸால் எழுத இடம் விட்டது உங்களில் ஒருத்தியின் யோசனை. பஸ் கம்பெனிகளை அவள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறாள்.

கார் நிறுத்த இடம் போய்விடும் என்று கடைசிவரை எதிர்த்த வன்பொருள் கடைக்காரருக்கும் நன்றி, கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் கத்தியதால்தான் சரக்கு லாரி காலையில் வந்து இறக்கிவிட்டுப் போக நேரம் ஒதுக்கினோம். அது இல்லையென்றால் மூன்றாம் நாளே எல்லாக் கடைக்காரரும் எங்களை அடித்து விரட்டியிருப்பார்கள்.

இன்னும் ஒருவர்: எங்கள் வரிசையின் கட்டடக்கார அம்மா. ஜார்ஜ்டவுனுக்கு 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டம் கிடைத்த பிறகு பழைய கட்டடங்களின் விலையும் வாடகையும் எகிறி, பரம்பரையாக இருந்தவர்கள் பலர் வெளியேறியது நமக்குத் தெரியும். சந்து அழகானால் தையல் கடை போய்க் கேக் கடை வரும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்த அம்மா, “நீ இருக்கிற வரைக்கும் ஏத்த மாட்டேன்” என்றார். வாய்ச்சொல்தான். அதனால்தான் இங்கே எழுத்தில் போட்டு நன்றி சொல்கிறேன், அம்மா.

மீதி இருப்பவை: கழிப்பறை கழுவும் முறைப்பட்டியலில் வெள்ளிக்கிழமைக்கு ஆள் இல்லை. மருந்துக்கடைப் பக்கத்து விளக்கு எரியவில்லை, மனு கொடுத்திருக்கிறோம். இரும்பு மூடியை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க அங்கிளோடு இன்னொருவர் வேண்டும், அவருக்கு முட்டி வலி.

இப்படிக்கு,
சந்துக் குழுவின் சார்பில்,
தையல் கடை அக்கா

பி.கு.: கோத்தோங் ரோயோங் என்று எல்லாரும் கூடி உழைத்த அன்று கொண்டுவந்த சாமான்கள் என் கடையில் கிடக்கின்றன. பச்சைப் பிடி போட்ட மண்வெட்டி, சக்கரம் ஆடும் கைவண்டி, ஒற்றைக் கால் பூட்ஸ். உரியவர்கள் வந்து எடுத்துப் போங்கள். மிஷினை நகர்த்த இடமில்லை.