எது ஒன்று?

அன்புள்ள கயலுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பாதி வகுப்பு 0.35 என்கிறதாமே. அந்தப் பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளாதே. நான்கைவிட முப்பத்தைந்து பெரியது என்று படித்ததைத்தான் புள்ளிக்குப் பின்னாலும் செய்கிறார்கள்.

இடமதிப்புக் கட்டைகளை எடு. பத்துச் சின்னக் கட்டை சேர்ந்தால் ஒரு குச்சி, பத்துக் குச்சி சேர்ந்தால் ஒரு தட்டு, பத்துத் தட்டு சேர்ந்தால் பெரிய கனசதுரம். ஒரு விஷயம் மட்டும் கவனம். இதுவரை சின்னக் கட்டைதான் அவர்களுக்கு ஒன்று, தட்டு நூறு. இனிமேல் தட்டுதான் ஒன்று. இதைப் போகிற போக்கில் சொன்னால் பதியாது, ஒரு பீரியடையே கொடு. தட்டு ஒன்று என்றால் குச்சி எவ்வளவு? பத்தில் ஒன்று. சின்னக் கட்டை? நூறில் ஒன்று. அவர்கள் வாயிலிருந்தே வரட்டும். அதுவரை பலகையில் புள்ளி வைக்காதே. இந்தக் கட்டைகளைப் பரப்பிய கணிதக் கல்வியாளர் சோல்டான் டீன்ஸ் பத்துப் பத்தாகத் தொகுப்பதோடு நிற்கவில்லை. மும்மூன்றாக, நந்நான்காகத் தொகுத்த கட்டைகளையும் பயன்படுத்தினார். எதை எப்படித் தொகுக்கிறோம் என்பதைப் பிள்ளை கையால் உணர வேண்டும் என்பதில் அவருக்கு அத்தனை அக்கறை.

அப்புறம் ஒரு தட்டின்மேல் நான்கு குச்சி, இன்னொன்றின்மேல் மூன்று குச்சியும் ஐந்து சின்னக் கட்டையும் அடுக்கச் சொல். எது பெரியது என்று நீ வாய் திறக்கவே வேண்டாம். நான்கு குச்சியையும் சின்னக் கட்டைகளாக மாற்றினால் நாற்பது வரும். 0.4-உம் 0.40-உம் ஒன்றே என்பதும் அங்கேயே பிடிபடும்.

பின்னத்துக்கும் இதே தட்டு போதும். கால் என்றால் 25 கட்டை, 0.25. அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, கேட்டுப் பார், 12 கட்டை வைத்துவிட்டுத் திணறுவார்கள், இன்னும் அரைக் கட்டை வேண்டும். உடனே உதவிக்குப் போகாதே, கொஞ்சம் பொறு. பெரிய கனசதுரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்கக்கூடும். ஆயிரம் கட்டையில் அரைக்கால் 125. அதுதான் 0.125.

மூன்றில் ஒன்று இன்னும் அழகு. தட்டைப் பத்துக் குச்சியாக மாற்றி மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்று, ஒரு குச்சி மிச்சம். அதைப் பத்துக் கட்டையாக்கினால் மறுபடி ஆளுக்கு மூன்று, ஒரு கட்டை மிச்சம். ‘இது முடியவே முடியாதா மிஸ்?’ என்று கேட்பார்கள். அன்றைக்கு அதற்குமேல் எதுவும் நடத்தாதே.

கட்டை போதவில்லை என்றால் வரைபடத்தாளில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டிக்கொள். அரைக்கால் கேட்ட அன்று என்ன நடந்தது என்று எனக்கு விவரமாக எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா